கேரவன் வண்டியின் பிளாஸ்டிக் பாடியில் விரிசலா? வீட்டிலேயே சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

டிராவலர் வேனை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேரவனாக மாற்றிக்கொண்டு மதுரையிலிருந்து கொடைக்கானல், தேக்கடி, ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. இரும்பு பாடி நசுங்கினால் டிங்கர் பட்டறைக்குப் போகலாம். பம்பர், பின்பக்க மூலை, வீல் ஆர்ச், கூரை வென்ட்டின் மூடி போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் விரிசல் விட்டால்தான் சிக்கல். "இதெல்லாம் ஒட்டாதுண்ணே, புதுசு போட்டுக்கங்க" என்று பட்டறையில் சொல்லிவிடுவார்கள். அளவெடுத்துச் செய்த பேனலுக்குப் புதுசு எங்கே போய் வாங்குவது? வெளிநாட்டிலிருந்து வந்த டிரெய்லர் கேரவன் என்றால் இன்னும் கஷ்டம். அவற்றின் முன்பக்க, பின்பக்கப் பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கின் ஒரே ஷீட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்துச் செய்தவை.

ஆனால் ஒட்டும். ஒழுங்காகச் செய்தால் பல வருஷம் தாங்கும். அதற்கு இரண்டு விஷயம் பிடிபட வேண்டும். ஒன்று, கையில் இருப்பது எந்த பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். இரண்டு, ரிப்பேரின் பலம் முழுவதும் பேனலின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் செய்வது அழகு வேலை. மேலே பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்த விரிசல் முதல் மலைப்பாதையிலேயே திரும்ப வாயைத் திறந்துவிடும்.

ஏன் விரிசல் விட்டது என்று முதலில் பாருங்கள்

புளியமரக் கிளை உரசியது, பார்க்கிங்கில் இடித்தது, அழகர்கோவில் அடிவாரத்தில் குரங்கு கூரை மேல் குதித்தது என்றால் காரணம் தெளிவு. அதற்குமேல் யோசிக்க வேண்டாம். ஆனால் எதுவும் இடிக்காமலே ஸ்குரூ ஓட்டையிலிருந்து கோடு கிளம்பியிருந்தால், அது வெயில் செய்த வேலை.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் சூட்டில் இரும்பைவிட ஆறேழு மடங்கு அதிகமாக விரியும். சித்திரை மாதம் மதுரையில் மதியம் வெளியே நிற்கும் அடர்நிறப் பேனல் 60, 65 டிகிரி வரை காயும். அதே வண்டி மார்கழியில் கொடைக்கானலில் இரவு நிற்கும்போது 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். இந்த 55 டிகிரி வித்தியாசத்தில் ஒரு மீட்டர் நீளப் பேனல் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்குகிறது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் முக்கால் மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. நான்கு மூலையிலும் ஸ்குரூவை மூச்சுவிடாமல் முறுக்கி வைத்திருந்தால் பிளாஸ்டிக் எங்கே போகும்? ஓட்டையின் விளிம்பில்தான் கிழியும். தலை சரிந்து உள்ளே இறங்கும் ஸ்குரூவாக இருந்தால் ஆப்பு அடித்ததுபோல அதுவே பிளந்துவிடும்.

இன்னொரு காரணத்தை நம் ஊரில் பலரும் கவனிப்பதில்லை. வண்டி பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று டீசலிலோ மண்ணெண்ணெயிலோ துணியை நனைத்துப் பேனலைத் துடைப்பது. இழுவிசையில் நிற்கும் ஏபிஎஸ் மேல் எண்ணெய், பெட்ரோல், பிரேக் ஆயில் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு கிளம்பும். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று மஞ்சளித்த பேனல் என்றால் இன்னும் சீக்கிரம். ஏபிஎஸ்ஸுக்கு நெகிழ்வைக் கொடுக்கும் ரப்பர் பகுதியைத்தான் வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் கெடுக்கும். கிளீனர் பையனிடம் ஷாம்பூ தண்ணீர் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

எந்த பிளாஸ்டிக்?

பேனலைக் கழற்றிப் பின்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மண் போனதும் விளிம்புக்கு அருகில் அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் புடைத்துத் தெரியலாம். ஏபிஎஸ் (ABS), பிபி (PP, பாலிபுரொப்பிலீன்), பிபி கூட்டல் ஈபிடிஎம் (PP+EPDM, ரப்பர் கலந்த பிபி), பிசி கூட்டல் ஏபிஎஸ் (PC+ABS, பாலிகார்பனேட் கலந்த ஏபிஎஸ்) என்று ஏதாவது ஒன்று இருக்கும். கம்பெனி பம்பர்கள் பெரும்பாலும் பிபி வகை. அச்சில் இழுத்த பெரிய பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ். லோக்கலாகச் செய்த முன்மூக்கு, கூரை டோம் எல்லாம் அநேகமாக ஃபைபர். பின்பக்கம் கண்ணாடி நார் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால் அது ஃபைபர்தான், சந்தேகமே வேண்டாம்.

எழுத்து இல்லையென்றால் மறைவான விளிம்பிலிருந்து நகம் அளவு சீவி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பிபி. மூழ்கினால் ஏபிஎஸ்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, பேனலின் பின்பக்கத்தில் பஞ்சில் நனைத்த அசிட்டோனை அரை நிமிஷம் வைத்து எடுத்து விரலால் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் ஏபிஎஸ். ஒன்றுமே ஆகவில்லையென்றால் பிபி. சீவலைக் கொளுத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. பிபி மெழுகு வாடையோடு எரியும், ஏபிஎஸ் கரும்புகை கக்கும். புகை நல்லதல்ல என்பதால் நான் இதைச் சொல்ல மாட்டேன். தண்ணீரும் அசிட்டோனும் போதும்.

பிசி கலந்தது என்று எழுதியிருந்தால் அசிட்டோன் வைத்தியம் வேண்டாம். பாலிகார்பனேட் அசிட்டோன் பட்டு வெடிக்கும். அதற்கு இரண்டு பாகமாக வரும் பிளாஸ்டிக் பேனல் பசைதான் சரி.

வாங்க வேண்டியவை

அசிட்டோன் அரை லிட்டர், கெமிக்கல் கடையிலோ பெரிய பெயிண்ட் கடையிலோ கிடைக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகாது, அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். மெல்லிய கண்ணாடி நார்த் துணி, 2 அல்லது 3 மி.மீ. ஏபிஎஸ் ஷீட் துண்டு, 80 முதல் 800 வரை உப்புத்தாள், 3 மி.மீ. டிரில் பிட், மாஸ்கிங் டேப், இரும்பு மூடி போட்ட கண்ணாடி ஜாடி. முகத்துக்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க். சாதாரணத் துணி மாஸ்க்கும் தூசு மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது.

ஒட்டுவதற்கான ஏபிஎஸ் துருவலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடையில் உடைந்த ஸ்கூட்டர் முன்பேனல் குவிந்து கிடக்கும். பின்பக்கம் ஏபிஎஸ் என்று அச்சிட்டதாகப் பார்த்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட்டைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, கத்தரிக்கோலால் அரிசி அளவுக்கு நறுக்குங்கள். உங்கள் பேனலின் உள்விளிம்பிலேயே கொஞ்சம் சீவ முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஏபிஎஸ் குழம்பு தயாரித்தல்

முதல் நாள் மாலையே இதைச் செய்துவிட வேண்டும். ஜாடியில் துருவலைப் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் அசிட்டோன் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் திறந்து குச்சியால் கலக்கிப் பார்த்தால் தோசை மாவு பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சில சொட்டு அசிட்டோன், நீர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் துருவல் போட்டுக் காத்திருங்கள். தெர்மாகோல் கப், டீக்கடை பிளாஸ்டிக் கப் எதிலும் இதை ஊற்றாதீர்கள். அடி கரைந்து தரையில் கொட்டும்.

அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும் பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பை எட்டும். அதனால் சமையலறைப் பக்கம், பூஜை விளக்கு எரியும் இடம், இன்வெர்ட்டர் பேட்டரி வைத்த மூலை எல்லாம் கூடாது. திறந்த வாசலிலோ மொட்டை மாடி நிழலிலோ செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் பிடிக்க யாரையும் விடாதீர்கள். கேரவனுக்குள்ளே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது.

விரிசலைத் தயார் செய்தல்

பேனலை நிழலில் இரண்டு மணி நேரம் கிடத்தி ஆறவிடுங்கள். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு ஐசோபிரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வாக்ஸ், டயர் பாலிஷ் ஒட்டியிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை இல்லை. பேனலின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள், கோடு இன்னும் ஒரு விரற்கடை ஓடியிருப்பது தெரியும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தாலும் புலப்படும். அந்த உண்மையான முனையில் 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். கூரான விரிசல் முனையில் குவியும் இழுவிசை, வட்டமான ஓட்டையில் சுற்றிலும் பரவிவிடும். அதற்குப் பிறகு கோடு ஓடாது. இந்த ஒரு ஓட்டையைப் போடாமல் விட்டால், மீதி எல்லா வேலையும் சுத்தமாக இருந்தாலும் ஒட்டிய இடத்தைத் தாண்டிப் புது விரிசல் கிளம்பும்.

பிறகு பின்பக்கத்தில் விரிசல் நெடுகிலும் ஆங்கில 'வி' வடிவில் பள்ளம் தோண்டுங்கள். பேனல் கனத்தில் பாதி ஆழம் போதும். பழைய சால்டரிங் பிட், கூர்மையான ஸ்கிரேப்பர், சின்ன கிரைண்டர் எது கைக்கு வருகிறதோ அது. சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்கு 80ஆம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள்.

பின்பக்கம்: உண்மையான ரிப்பேர்

முன்பக்கம் விரிசலின் இரு ஓரமும் ஒரே மட்டத்தில் வரும்படி சேர்த்து மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வளைந்த பேனலாக இருந்தால் அதன் இயல்பான வளைவிலேயே நிற்கும்படி துணி மூட்டையோ மணல் பையோ அடியில் கொடுங்கள். நேராக்கி ஒட்டினால் பிறகு மாட்டும்போது பட்டென்று விடும்.

பள்ளத்தில் வெறும் அசிட்டோனைப் பிரஷ்ஷால் ஒரு முறை தடவுங்கள், பரப்பு இளகும். உடனே குழம்பை ஊற்றிக் குச்சியால் அழுத்தி இறக்குங்கள். ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பாதீர்கள். அசிட்டோன் பறந்ததும் குழம்பு சுருங்கும். தடிமனாகப் போட்டால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே நிற்கும், குமிழ் விழும். மெல்லிய கோட், அரை நாள் இடைவெளி, மறுபடி ஒரு கோட் என்று மேவி வாருங்கள். நம் ஊர்க் கோடையில் மதியம் அசிட்டோன் கைவைப்பதற்குள் பறந்துவிடும். விடிந்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

பள்ளம் நிரம்பியதும் விரிசலைவிட நான்கு விரல் அகலமாக வெட்டிய கண்ணாடி நார்த் துணியைக் குழம்பில் ஊறவைத்து அதன்மேல் படுக்க வையுங்கள். பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். துணி வெள்ளையாகத் தெரியும் இடத்தில் குழம்பு இறங்கவில்லை என்று அர்த்தம். மறுநாள் முந்தையதைவிடக் கொஞ்சம் அகலமாக இன்னொரு அடுக்கு. ஸ்குரூ ஓட்டை, மூலை, வீல் ஆர்ச் உதடு மாதிரி இழுவை விழும் இடங்களில் துணிக்கு மேல் ஏபிஎஸ் ஷீட் துண்டையும் வைத்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஷீட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலையிலும் இழுவிசை குவியும்.

சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிய பேனலாக இருந்து கழற்றவே முடியாதென்றால், பிளவு வழியாகவே மெல்லிய ஏபிஎஸ் பட்டையை உள்ளே நுழைத்து, நடுவில் நூல் கட்டி வெளியே இழுத்துப் பிடித்தபடி ஒட்டலாம். பலம் பாதிதான் கிடைக்கும். முடிந்தவரை கழற்றப் பாருங்கள்.

முன்பக்கம்

இரண்டு நாள் கழித்து டேப்பை எடுங்கள். இப்போது முன்பக்கத்திலும் ஆழமில்லாத பள்ளம் எடுத்து, குழம்பை மெல்லிய கோட்டாக, பரப்பைவிட ஒரு மயிரளவு மேலே நிற்கும்படி நிரப்புங்கள். ஜன்னல் அக்ரிலிக்காக இருந்தால் அதை முழுக்க மூடிவிடுங்கள். ஒரு துளி அசிட்டோன் தெறித்தாலும் அந்த இடம் மங்கி வெடிப்பு விழும், அதற்கு மாற்று கிடையாது.

நிரப்பிய பிறகு ஒரு வாரம் அப்படியே விட வேண்டும். தொட்டால் கல் மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும். மூன்றாம் நாளே தேய்த்து பெயிண்ட் அடித்தால், அடுத்த மாதம் அந்தக் கோடு பெயிண்ட்டுக்கு அடியில் குழிந்து வெயிலில் தெளிவாகத் தெரியும். காத்திருப்பதற்கு மாற்று வழி இல்லை.

பிறகு 120, 180, 320 என்று மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து மட்டம் பிடியுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். ஊசிக்கண் மாதிரி குமிழ் ஓட்டைகள் தெரிந்தால் பிளாஸ்டிக் பட்டியைத் தொட்டு வையுங்கள். இரும்புக்குப் போடும் சாதாரணப் பட்டி இதற்கு ஆகாது, பேனல் நெகிழும்போது அது நெகிழாமல் உதிர்ந்துவிடும். கடைசியாக 400, 600 வாட்டர் பேப்பர்.

பிபி பம்பர் என்றால்

மேலே சொன்ன எதுவும் பலிக்காது. அசிட்டோன் கரைக்காது, ஃபெவிக்விக், எம்-சீல் எதுவும் நிற்காது. உருக்கித்தான் ஒட்ட வேண்டும். முனையில் ஓட்டை, 'வி' பள்ளம் இரண்டும் இங்கேயும் உண்டு. சூடான ஸ்டேப்ளர் கருவியால் பின்பக்கம் விரிசலுக்குக் குறுக்காக வளைந்த கம்பிகளை இரண்டு செ.மீ. இடைவெளியில் புதைத்து, அதன்மேல் பிபி பிளாஸ்டிக் கம்பியைச் சால்டரிங் அயர்னால் உருக்கி நிரப்புங்கள். பிளாஸ்டிக் கம்பியும் பம்பரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பம்பரும் உருகி, கம்பியும் உருகி, இரண்டும் கலந்தால்தான் ஒட்டும். உருகிய கம்பியை மேலே தடவுவது ஒட்டியதாகாது, நகத்தால் நெம்பினாலே பெயர்ந்து வரும்.

ஃபைபர் என்றால்

பாலியஸ்டர் ரெசினும், சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் மேட்டும் வாங்குங்கள். விரிசலின் ஓரத்தைப் பின்பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்த்துத் தள்ளுங்கள். பேனல் 3 மி.மீ. கனம் என்றால் சரிவு மூன்றரை செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். மேட்டை ரெசினில் நனைத்து மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக வையுங்கள்.

இதில் உயிர்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. கடையில் ரெசினோடு இரண்டு சின்னப் புட்டிகள் தருவார்கள். ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட் ஆக்ஸிலரேட்டர், தண்ணீர் மாதிரி இருப்பது கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். ஆக்ஸிலரேட்டரை ரெசினில் முழுதாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். கண்ணில் கேட்டலிஸ்ட் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். ரெசின் எடையில் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம் வரை. கோடையில் 1 சதவீதமே போதும். அதற்குமேல் போனால் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்குள் டப்பாவிலேயே கட்டிவிடும்.

பெயிண்ட்

ஏபிஎஸ்ஸை வெயிலிலிருந்து காப்பது பெயிண்ட்தான், அதனால் இதை விட்டுவிட முடியாது. ஏபிஎஸ், பிபி இரண்டுக்கும் முதலில் பிளாஸ்டிக் பிரைமர். முதல் கோட்டை லேசாகத் தூவி உலரவிடுங்கள். ஈரமாக அடித்தால் அதிலுள்ள தின்னர் ஒட்டிய இடத்தை இளக்கும். காய்ந்ததும் 600, 800 வாட்டர் பேப்பரில் லேசாகத் தேய்த்தால் பெயிண்ட்டுக்குத் தயார்.

சின்ன இடம் என்றால் ஸ்பிரே டப்பாவில் நீங்களே முடிக்கலாம். பெரிய பேனலுக்கு இரண்டு பாக பாலியூரித்தேன் (பியூ) பெயிண்ட்டும் மேலே கிளியர் கோட்டும்தான் நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வீட்டு வாசலில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை அடிக்கக் கூடாது. தேய்த்து முடித்த பேனலை எடுத்துக்கொண்டு போய் பெயிண்டரிடம், "அண்ணே, இது ஏபிஎஸ். பட்டி வேலை முடிஞ்சிருச்சு, பிளாஸ்டிக் பிரைமர் போட்டு பியூ அடிச்சுக் குடுங்க, சூட்டு ரூம்ல வைக்க வேணாம்" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஏபிஎஸ் 90, 100 டிகிரியை நெருங்கும்போது நெளிய ஆரம்பிக்கும்.

ஆடிக் காற்றில் பெயிண்ட் அடித்தால் மண்ணெல்லாம் மேலே ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தையும் மாசியும்தான் இதற்கு நல்ல மாதங்கள்.

திரும்ப மாட்டுதல்

பழைய ஓட்டைகளை அப்படியே பயன்படுத்தாதீர்கள். பேனலின் நடுவில் ஒரே ஒரு ஸ்குரூ மட்டும் இறுக்கமான ஓட்டையில் இருக்கட்டும், பேனல் அங்கிருந்து இரண்டு பக்கமும் விரியும். மற்ற ஓட்டைகளை ஸ்குரூவைவிட 3 மி.மீ. அகலமாக, பேனல் விரியும் திசையில் நீள்வட்டமாக அரத்தால் ராவி விடுங்கள். தலையின் அடிப்பக்கம் தட்டையாக உள்ள ஸ்குரூ, கீழே அகலமான வாஷர், அதற்கும் கீழே ரப்பர் வாஷர். கையால் முறுக்கி, நின்றதும் கால் சுற்று மட்டும் கூடுதலாக. இதற்கு மின்சார ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் இருக்க நியூட்ரல் சிலிகான் போடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் ஸ்குரூக்களையும் இரும்புச் சட்டத்தையும் துருப்பிடிக்க வைக்கும். ஒரு நாள் காயவிட்டு, முதல் பயணத்தை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு வையுங்கள். மலை இறங்கி வந்ததும் ஒவ்வொரு ஸ்குரூவின் வாஷரையும் விரலால் தள்ளிப் பாருங்கள். லேசாக நகர்ந்தால் சரி. அசையவே இல்லையென்றால் கால் சுற்று தளர்த்துங்கள்.